நான்காம் பாடத்தின் வாக்கியங்கள்

பிப்ரவரி 9

1. இக்கடிதத்தை எழுதுபவன், இதைப் பெறுபவளின் ஒரே அண்ணன், தொழிலால் வழக்கறிஞன். நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தங்களை வரைவதும், அவற்றின் மீது எழும் புகார்களுக்குப் பதில் எழுதுவதும் என் அன்றாடப் பணி.

2. இதைப் பெறுபவள் என் தங்கை; தன் குடியிருப்பின் முன்னறையில் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்துபவள். நம் தந்தை தற்போது அவளுடன் வசிக்கிறார்.

3. என் தொலைபேசி எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். தபாலில் ஒரு வசதியும் உண்டு. எழுதுபவன் முடிக்கும்வரை எவரும் குறுக்கிட இயலாது.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுடன் தொலைபேசியில் பேசினேன். உன் எண்ணுக்கு நான் அழைக்க முடியாவிட்டாலும் அவருடைய எண்ணுக்குத் தடையில்லை என்பதை நினைவூட்டுகிறேன். என் வீட்டிலிருந்து இருபது நிமிடப் பயணத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. தரைத்தளத்தில் தனி அறை, குளியலறைச் சுவரில் கைப்பிடி, கட்டிலருகே அழைப்பு மணி, இரவும் பகலும் செவிலியர். இவை அனைத்தையும் நான் நேரில் சென்று பார்த்து, குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்பது வரை சரிபார்த்த பிறகே அவரிடம் எடுத்துரைத்தேன். நீ இருப்பது மூன்றாம் மாடி. உன் கட்டடத்தின் லிஃப்ட் ஓடும் நாட்களைவிட நிற்கும் நாட்களே அதிகம் என்று நீயே முன்பொருமுறை குறைப்பட்டிருக்கிறாய்.

கடந்த சில மாதங்களாக அப்பா என்னுடன் ஆங்கிலத்திலேயே உரையாடி வருகிறார். நிதானமாக, குரலை உயர்த்தாமல். நாற்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டிய மனிதர் இந்த வயதில் அதைக் கற்றுக்கொண்டது எனக்கு வியப்பளித்தது என்பதை மறைக்கவில்லை. இல்லத்தைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, 'ஐ ஸீ யுவர் பாயிண்ட்' என்றார். மாடிப்படியின் ஆபத்தைச் சொன்னபோது 'தட் மேக்ஸ் சென்ஸ்' என்றார். மார்ச் முதல் தேதி வண்டியுடன் ஆளனுப்புகிறேன் என்றபோது 'ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்' என்றார். ஓர் இடத்திலும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. இதை நான் அவருடைய ஒப்புதலாகக் கொள்கிறேன். அவர் புறப்படும் நாளில் நீ கதவை மறித்து நிற்கவோ, அழுது அவர் மனத்தைக் கலைக்கவோ கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. உன்னிடம் படித்த பெண் ஒருத்தி எங்கள் அலுவலக வரவேற்பு மேசையில் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் நான் தொலைபேசியில் யாரிடமோ 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்றபடி உள்ளே நுழைந்தபோது, பக்கத்திலிருந்தவளிடம், "இவர்தான் அண்டர்ஸ்டாண்ட் சார்" என்றாள். விசாரித்ததில், உன் வகுப்பறைச் சுவரில் நான் பேசிய வாக்கியங்கள் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருப்பதாகவும், மாணவர்கள் அவற்றை என் குரலிலேயே சொல்லிப் பழகுவதாகவும் தெரிகிறது. அந்தத் தாளை அகற்ற வேண்டும்.

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணா,

எண் போட்டு நீ யாரென்று அறிமுகப்படுத்திக்கொண்டதற்கு நன்றி. இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார் என்று பயந்திருப்பேன்.

சுவரில் இருக்கும் தாளிலிருந்து தொடங்குகிறேன், உனக்கு வலிக்கிற இடம் அதுதான். என் வகுப்பில் ஒரு விதி உண்டு. யாரும் வாயால் சொல்லாத வாக்கியத்தை நான் சொல்லித்தர மாட்டேன். மேசைமேல் பூனை இருக்கிறது என்று படித்துவிட்டு யாருக்கும் வேலை கிடைத்ததில்லை. பேருந்தில், வங்கியில், மருந்துக்கடையில் காதில் விழுவதைத்தான் எடுத்துவந்து பாடமாக்குகிறேன். முதல் பாடம், வழி கேட்பது. இரண்டாவது, விலை கேட்பது. நான்காவது, எதிரே இருப்பவர் மனம் நொந்து பேசும்போது நமக்குப் புரிகிறது என்று மரியாதையாகத் தெரிவிப்பது. அந்தப் பாடத்துக்கு நான் தெருவுக்கே போக வேண்டியிருக்கவில்லை. முழுவதும் நீ கொடுத்தது.

அம்மா போன பிறகு அப்பா சாப்பிடாமல் கிடக்கிறார், நாலு நாள் வந்து இரு என்று கேட்டேன். 'ஐ ஹியர் யூ' என்றாய். கேட்டது சரி, வந்தாயா? அவரைத் தனியாக விட முடியவில்லை, என்னோடு அழைத்து வருகிறேன், வீட்டைக் காலி செய்யவாவது துணைக்கு வா என்றேன். 'ஃபேர் இனஃப்', நியாயம்தான் என்றாய். அவர் விழுந்து மணிக்கட்டு பிசகியபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டேன். 'ஐ கேன் இமாஜின் ஹவ் ஹார்ட் திஸ் மஸ்ட் பி' என்றாய். உன்னை யார் கற்பனை செய்யச் சொன்னது? வந்தால் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். உனக்குப் பதிலாக நாலு கால் வைத்த கைத்தடி ஒன்று கூரியரில் வந்தது, உன் அலுவலக ரசீதோடு. அப்பா அதை ஒரு நாளும் ஊன்றியதில்லை. அதை வைத்துத்தான் சுவரில் இருக்கும் உன் வாக்கியங்களை நான் தொட்டுக் காட்டுகிறேன். நல்ல நீளம்.

என் மாணவர்களுக்கு நான்காம் பாடம் என்றால் உயிர். நர்ஸ் வேலைக்குப் போகப்போகிற பெண் சொல்கிறாள், கத்திக்கொண்டு வரும் உறவுக்காரர்கள் அதைக் கேட்டதும் இறங்கிவிடுகிறார்களாம். பார்சல் கொண்டுபோகும் ஆள் இன்னும் தெளிவாகச் சொன்னான். "அக்கா, இதைச் சொன்னா அவங்களும் அடங்கிடறாங்க, நாமளும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல." உன்னை ஒருமுறைகூடப் பார்க்காதவன் அவன்.

விழுந்த நாளுக்குப் பிறகு அப்பாவை வகுப்பிலேயே கடைசி வரிசையில், என் கண்பார்வையில் உட்கார வைத்துக்கொள்கிறேன். மற்ற பாடமெல்லாம் தூங்குவார். நான்காம் பாடம் மட்டும் தலைகீழ்ப் பாடமாகச் சொல்வார். லிஃப்ட் சரிசெய்ய வருகிறவரிடம் சொல்கிறார், மாத்திரை போடச் சொன்னால் என்னிடமும் சொல்கிறார். 'பாயிண்ட் டேக்கன்', நீ சொல்வது சரி என்பார், மாத்திரை தலையணைக்கு அடியில் கிடக்கும். அதே வாக்கியங்களைத்தான் உன்னிடமும் சொல்லியிருக்கிறார். நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொன்னார், நீ அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டு வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டாய். அந்த வாக்கியங்களுக்கு ஒப்புதல் என்று அர்த்தம் என்றால், நீ இந்த வீட்டு வாசலில் மூன்று தடவையாவது வந்து நின்றிருக்க வேண்டும்.

வண்டி வந்தால் காலியாகத்தான் திரும்பும். தாளை எடுக்க மாட்டேன்.

உன் தங்கை


பிப்ரவரி 19

தங்கைக்கு,

ஒருவர் சொன்னதைப் புரிந்துகொண்டேன் என்பது அதற்கு இசைந்தேன் என்பதாகாது. என் தொழிலில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் அது; உன் சுவரைப் பார்த்து நான் கற்க வேண்டியதில்லை. புகார்க் கடிதங்களுக்கு நான் எழுதும் பதில்கள் எல்லாமே அந்த வாக்கியங்களில் ஒன்றோடுதான் தொடங்கும். எதையும் ஒப்புக்கொள்ளாமல், எதையும் மறுக்காமல், எதிர்த்தரப்பின் சூட்டைத் தணிப்பதற்கு அவற்றைவிடப் பாதுகாப்பான சொற்கள் இல்லை. ஆயினும் அவை இரு தரப்பினரிடையே வழங்கும் சொற்கள். ஒரு தந்தை தன் மகனோடு எதிர்த்தரப்பாக நின்று பேசுகிறார் என்று நான் எதற்காக அனுமானிக்க வேண்டும்? அவர் மனம் விட்டுப் பேசுகிறார் என்றே கருதினேன். அது பிழையென்றால், அப்பிழையில் உன் வகுப்புக்கும் பங்குண்டு.

நான் வராதது குறித்து நீ எழுதியவற்றுக்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை. அவற்றை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது.

ஆனால் அவர் விழுந்த பிற்பகலைப் பற்றி நீ பேச்செடுத்திருக்கிறாய். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பாத்ரூம்ல வழுக்கிட்டாரு, உடனே தூக்கிட்டோம்" என்றாய். உடனே என்பது உன் சொல். மறுநாள் அப்பாவின் தொலைபேசியை எடுத்துப் பேசிய உன் எதிர்வீட்டு அக்கா சொன்னது வேறு. சமையலறைச் சன்னல் வழியாக அப்பா கூப்பிடும் குரல் அந்த அக்காவுக்குத்தான் முதலில் கேட்டிருக்கிறது. ஓடிவந்து உன் கதவைத் தட்டியிருக்கிறார். வகுப்பு நேரம் என்பதால் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. அவர் சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதுகிறேன்: "தட்டித் தட்டி என் கை சிவந்துபோச்சு தம்பி. உள்ள எல்லாரும் ஒண்ணா சேர்ந்து புரியுது புரியுதுன்னு இங்கிலீஷ்ல கத்திட்டிருந்தாங்க. அப்பா கத்தறதும் பாடம்தான்னு நினைச்சுட்டாங்க போல."

அடுத்த அறையில் ஒரு முதியவர் ஈரத்தரையில் கிடந்து உதவிக்கு அழைக்கிறார். பதினைந்து பேர் ஒரே குரலில், தங்களுக்கு முழுமையாகப் புரிகிறது என்று அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவள் நீ. என் வாக்கியங்கள் யாரையும் தரையில் கிடத்தவில்லை.

இதற்குப் பின்னும் அவர் உன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று எழுத உனக்குக் கை வருமானால் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 23

அண்ணா,

ஆமாம்.

எதிர்வீட்டு அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. உடனே என்று நான் சொன்னது பொய். அப்பா கூப்பிட்டது என் காதில் விழுந்தது. பின்னால் எவனோ விளையாட்டாகக் கத்துகிறான் என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னேன். அக்காவுக்கும் தெரியாத பகுதி இது. இதையும் உன் வழக்குக் கோப்பில் சேர்த்து வைத்துக்கொள். அன்றோடு என் வகுப்பில் கோரஸ் கிடையாது. ஒவ்வொருவராகத்தான் சொல்ல வேண்டும். கதவுக்குத் தாழ் கிடையாது. அப்பா ஏன் என் கண்பார்வையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மறுநாளே உனக்குத் தெரியும். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். எவ்வளவு திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், உன் முன்னால் உட்கார்ந்து அழுதிருப்பேன். ஏன் திட்டவில்லை? இத்தனை மாதம் பத்திரமாக எடுத்துவைத்து, தேவைப்பட்டபோது உருவினாய். அக்கா உன்னிடம் சொன்ன அன்று சாயங்காலம் நீ என்னிடம் சொன்ன வாக்கியம் எது தெரியுமா? 'யூ டிட் யுவர் பெஸ்ட், ஐ அண்டர்ஸ்டாண்ட்.' அது சுவரில் இல்லை. அதை யாருக்கும் சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று மாத்திரை டப்பாவோடு போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"உங்க பிள்ளை ஒண்ணாம் தேதி வண்டி அனுப்பறானாம். சரின்னு சொன்னீங்களா?"

"புரியுதுன்னு சொன்னேன்."

"அப்ப போறீங்களா?"

"போறேன்னு யாரு சொன்னா?"

"அதை அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானேப்பா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தமிழ்ல பேசினா மூணாவது வார்த்தையில சண்டை வந்துடுது. இங்கிலீஷ்ல அவனும் மரியாதையா பேசறான், நானும் மரியாதையா பேசறேன். சண்டையில்லாம அரைமணி நேரம் அவன் குரலைக் கேக்கலாம். அதைக் கெடுத்துக்கணுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, உன்மேலும் அவர்மேலும். என் வகுப்பில் உட்கார்ந்து இத்தனை நாள் அவர் படித்தது அதற்காக. நான் பார்த்துக்கொள்கிறேன், நான் மாத்திரை கொடுக்கிறேன். உன் குரலுக்காக இங்கிலீஷ்.

ஆகவே இப்படிச் செய். ஒண்ணாம் தேதி ஆளை அனுப்பாதே, நீயே வா. அவர் முகத்தைப் பார்த்து, தமிழில், ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள். போகிறேன் என்றால் நானே பெட்டி கட்டித் தருகிறேன். போகவில்லை என்றால் அந்த இல்லத்தின் பேரை மறுபடி எடுக்காதே.

உன் தங்கை


பிப்ரவரி 26

தங்கைக்கு,

உன் முன்மொழிவை ஏற்கிறேன். ஏற்கிறேன் என்பதை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

என் நிபந்தனைகள்: கேள்வி கேட்கப்படும்போது நீ அந்த அறையில் இருக்கலாம், ஆனால் பேசக்கூடாது. சாட்சிகள் இருவர். என் தரப்பில் உன் எதிர்வீட்டு அக்கா. உன் தரப்பில் நீ விரும்பும் ஒருவர். அப்பாவின் விடை நம் இருவரையும் கட்டுப்படுத்தும். நடந்தவற்றைப் பின்னர் நான் எழுதி அனுப்புவேன். சாட்சிகள் அதில் கையொப்பமிட வேண்டும். நீ கடிதத்தில் கேட்ட ஒன்றுக்கு இதில் பதில் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

நர்ஸ் பெண் என் தரப்பு சாட்சி. அவளுக்கு யார் முகத்துக்காகவும் பேசத் தெரியாது. என் நிபந்தனை ஒன்றே ஒன்று: உன் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் வரக்கூடாது.

லிஃப்ட் நின்று நான்கு நாளாகிறது. ஏறித்தான் வர வேண்டும். தினமும் நான் ஏறுகிறேன்.


மார்ச் 3

மார்ச் முதல் தேதி தங்கையின் வீட்டில் நடந்தவற்றின் பதிவு. எழுதுபவன் முதல் கடிதத்தில் கூறப்பட்ட அதே அண்ணன்.

1. காலையில் வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு மூன்று மாடிகளும் ஏறினேன். வாசலில் மாணவர்களின் செருப்புகள் இல்லை. அன்று வகுப்பு விடுமுறை. தங்கை கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

2. சுவரிலிருந்த தாளைப் பார்த்தேன். கடைசி வரிசையில் சன்னலோரமாக உள்ள நாற்காலிக்கு நேர் எதிரே அது ஒட்டப்பட்டிருந்தது. அந்த நாற்காலியில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையுடன் அமர்ந்திருந்தார். அவருடைய காலடியில் பூட்டிய பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கண்டு நான் மகிழ்ந்தேன் என்பதையும், தங்கையின் முகம் வெளுத்தது என்பதையும் பதிவு செய்கிறேன். அந்தப் பெட்டியை அவள் கட்டவில்லை என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

3. சாட்சிகள் இருவரும் முன்வரிசையில் அமர்ந்தனர். எதிர்வீட்டு அக்கா தாம் சாட்சி சொல்ல வந்திருப்பதாகவும், யாரும் தம்மைக் குறை சொல்லக்கூடாது என்றும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார்.

4. நான் கேட்டது: "அப்பா, நான் சொன்ன இல்லத்துக்கு வர்றீங்களா, வரலையா?"

5. அப்பா சொன்னது: "அங்க வரல."

6. விடை கிடைத்துவிட்டதால், ஒப்புக்கொண்டபடி விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெட்டியைப் பற்றி நான் கேட்டேன். அவர் தங்கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார். அவள் காலையில் எழுந்ததிலிருந்து நிற்காமல் ஓடுவதாகவும், ராத்திரி அவர் இருமினால் எழுந்து வந்து நிற்பதாகவும், விழுந்த நாளிலிருந்து அவள் நிம்மதியாகத் தூங்கி அவர் பார்க்கவில்லை என்றும் சொன்னார். தங்கை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேசவில்லை. அவள் நிபந்தனையை மீறவில்லை. பிறகு அப்பா சொன்னது:

"அந்த இடம் உன் வீட்டுலேர்ந்து இருபது நிமிஷம்னியே. நான் உன் வீட்டுக்கே வரேன். ரெண்டு மாசம். இவளும் கொஞ்சம் மூச்சு விடட்டும். வரட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்."

7. நான் சொன்னது: 'ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட், அப்பா.'

இந்தப் பத்தியைச் சொல் மாறாமல் எழுத வேண்டும் என்று நர்ஸ் மாணவி கேட்டுக்கொண்டாள். எழுதியிருக்கிறேன். அறையில் எவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் இருந்த தாளை அப்பா சற்று நேரம் பார்த்தார். அதன்பின் 'ஃபேர் இனஃப்' என்றார். உச்சரிப்பு மிகச் சரியாக இருந்தது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைக்குமாறு நர்ஸ் மாணவியிடம் சொல்லிவிட்டு, மாத்திரை நேரமாகிவிட்டது என்று எழுந்து சென்றார். அன்று மாத்திரையை அவராகவே போட்டுக்கொண்டதாக, நான் படியிறங்கும்போது தங்கை என்னிடம் சொன்னாள். அன்று அவள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

8. பத்தி 6-இல் தந்தை கேட்ட கேள்விக்கு என் விடை: ............................ (பின்னர் நிரப்பப்படும்.)

சாட்சிகள் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.


மார்ச் 10

அண்ணா,

கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

நர்ஸ் பெண் எட்டாம் பத்தியைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில காலி ஃபாரத்துல யாரும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க" என்றாள். எதிர்வீட்டு அக்காவோ, "வெத்துத்தாள்ல கையெழுத்துக் கேக்கற வக்கீலை இப்பதான் பாக்கறேன், அதுவும் என் தரப்பு வக்கீல்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார்.

உன் பதிவில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. என் முகம் வெளுத்ததைக்கூட எழுதியிருக்கிறாய். எதையும் விடாமல் பார்க்கிற கண் உனக்கு இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

அப்பாவின் பெட்டி கட்டிலுக்கு அடியில் பூட்டியபடியே கிடக்கிறது. துணிகளை எடுத்து அடுக்கட்டுமா என்றால் 'பாயிண்ட் டேக்கன்' என்கிறார். சாவி அவருடைய சட்டைப் பையில். துவைத்த இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார். தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் வகுப்பு நடுவே தலையைத் தூக்குகிறார்.

நீ அவரை அழைத்துப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் இங்கேயே இருக்கட்டும், எனக்குத் தூக்கம் வராதது என் பாடு. ஆனால் அந்தப் பெட்டி திறக்க வேண்டும். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. தமிழில் இரண்டும் சின்ன வார்த்தைதான். எழுதி அனுப்பு.


மார்ச் 15

மார்ச் 3 தேதியிட்ட பதிவின் எட்டாம் பத்தி பின்வருமாறு நிரப்பப்படுகிறது:

8. பத்தி 6-இல் தந்தை கேட்ட கேள்விக்கு என் விடை: இல்லை. என் வீட்டில் அவரை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

9. இதற்குக் காரணங்கள் உண்டு. முதலில் அவற்றை இரண்டு பக்கங்களுக்கு எழுதினேன். படித்துப் பார்த்தபோது என் விடை எதுவென்று எனக்கே தெரியவில்லை. ஆகவே அவற்றைச் சேர்க்கவில்லை. உன் அண்ணிக்கு இதில் பங்கில்லை. அவளிடம் நான் கேட்கவே இல்லை.

10. முதியோர் இல்லத்தில் செய்திருந்த முன்பதிவை நீக்கிவிட்டேன்.

11. வகுப்பறைச் சுவரிலுள்ள தாளை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பத்தி 7-இல் உள்ள வாக்கியம் யார், யாருக்கு, எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னது என்பதையும் அதில் எழுதிக்கொள்ளலாம்.

12. பிப்ரவரி 23 கடிதத்தில் தங்கை கேட்டது: தெரிந்த அன்றே நான் ஏன் திட்டவில்லை என்பது. திட்டியிருந்தால் புறப்பட்டு வர வேண்டியிருந்திருக்கும்.

இதை அப்பாவிடம் கொடு. படித்துக் காட்டாதே, அவரே படிக்கட்டும்.

(கையொப்பம்)
அண்ணன்

சாட்சிகள்:

எதிர்வீட்டு அக்கா (கையொப்பம்)

நர்ஸ் மாணவி (கையொப்பம்)

மூன்றாவதாக, பென்சிலில்:

படித்தேன். புரிந்தது. பெட்டியைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய், தமிழில். சண்டை போட வேண்டியிருக்கிறது.

அப்பா